டோனர் முட்டையில் கரு நிற்பது எதையெல்லாம் பொறுத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தரிப்பு மையத்தில் செவிலியராகச் சேர்ந்து, இப்போது ஆலோசகராக இருக்கிறேன். "உங்கள் முட்டையில் இனி கஷ்டம், டோனர் முட்டைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன அதே நாளில்தான் பெரும்பாலான தம்பதிகள் என் அறைக்கு வருவார்கள். வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டையில் கணவரின் விந்தணுவைச் சேர்த்து, உருவாகும் கருவை மனைவியின் கருப்பையில் வைப்பதுதான் டோனர் முட்டைச் சிகிச்சை. ஆனால் அன்றைக்கு நான் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. வீட்டுக்குப் போய், எல்லோரும் தூங்கிய பிறகு, போனை எடுத்துத் தேடத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை.

டோனர் முட்டை என்றால் கண்டிப்பாகக் கரு நின்றுவிடுமா?

இல்லை. ஆனால் இந்த நிலையில் சொந்த முட்டையைவிட வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் கருத்தரிப்பு மையங்கள் தங்கள் முடிவுகளை ஆண்டுதோறும் அரசுக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பதிவுகளின்படி, டோனர் முட்டையில் உருவான கருவைக் கருப்பையில் வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குழந்தை பிறக்கிறது. சொந்த முட்டையில் 43, 44 வயதில் அது நூற்றுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய ஏற்றம்தான்.

ஆனாலும் பாதிப் பேருக்கு நிற்கிறது என்றால், மற்ற பாதிப் பேருக்கு அந்த முறை நிற்கவில்லை என்றும் அர்த்தம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் முதல் முறை தோற்றதும் பலர் உடைந்துபோகிறார்கள்.

இன்னொன்று. ஒரு மையம் "எங்களிடம் 70 சதவீதம்" என்றால், எதில் 70 என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களா, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தவர்களா, குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களா? மூன்றும் மூன்று எண்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

எனக்கு 44 வயது. முட்டை இளசாக இருந்தாலும் கருப்பைக்கு வயதாகிவிட்டதே?

பெரும்பாலோருக்கு இந்தக் கவலை தேவையில்லை. வயது கூடக் கூடப் பழுதாவது முதலில் முட்டைதான். பெண் குழந்தை பிறக்கும்போதே வாழ்நாள் முழுவதுக்குமான முட்டைகளோடு பிறக்கிறாள். 40 வயதில் வெளிவரும் முட்டையும் 40 ஆண்டுகள் காத்திருந்த முட்டைதான். கடைசி நேரத்தில் அது தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். அதில் பிசகு கூடிக்கொண்டே போகிறது. 40-களின் தொடக்கத்தைத் தாண்டினால், உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் எண்ணிக்கை தவறியவையாகவே இருக்கும். அவை ஒட்டாது, அல்லது ஒட்டிக் கலைந்துவிடும்.

கருப்பை அப்படியில்லை. 1990-ல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் சாவரும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் சூலகம் செயலிழந்த, 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இளம் பெண்களின் முட்டையைக் கொண்டு சிகிச்சை அளித்து, முடிவை வெளியிட்டார்கள். இளையவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு அவர்களுக்கும் கரு நின்றது. அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்தது, 40-க்கு மேல் தடையாக இருப்பது கருப்பை அல்ல, முட்டை என்று.

40-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கரு ஒட்டுவது கொஞ்சம் குறைகிறது, கலைவது கொஞ்சம் கூடுகிறது. அதைவிட முக்கியம், கர்ப்பத்தைச் சுமக்கும் உடம்பின் வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் எல்லாம் கணக்கில் வரும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் பெண்ணுக்கு 50 வயதுக்குள், ஆணுக்கு 55 வயதுக்குள் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு முன் 2019-ல், ஆந்திராவின் குண்டூரில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி டோனர் முட்டையில் இரட்டைக் குழந்தை பெற்றார். செய்தியைப் பார்த்து வியந்தவர்கள் பலர். எனக்கு அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. வயது வரம்பு சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

டோனரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

பலர் முதலில் கேட்பது நிறத்தை. அப்புறம் உயரம், ரத்த வகை. தப்பென்று சொல்ல மாட்டேன். குழந்தை நம் ஜாடையில் இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கரு நிற்பதற்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு: டோனரின் வயது, அவருடைய சூலகத்தில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். அளவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகள், பிறகு தலசீமியா. இந்தக் கடைசிச் சொல்லைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இது பரம்பரையாக வரும் ரத்த நோய். டோனரும் கணவரும் இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

சட்டப்படி டோனருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் தரலாம். அவரிடமிருந்து 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு டோனரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மட்டுமே கொடுக்கலாம். டோனருக்கு உங்கள் செலவில் காப்பீடு எடுக்க வேண்டும். முட்டையை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் 2022-ல் ஈரோட்டில் நடந்ததைச் சொல்வேன். 16 வயதுச் சிறுமியை, போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, பல முறை கருமுட்டை எடுத்து விற்றிருந்தார்கள். உங்கள் குழந்தையின் தொடக்கம் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கக் கூடாது. மையமும் முட்டை வங்கியும் பதிவு பெற்றவையா என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் தங்கையே தருகிறேன் என்கிறாள். முடியாதா?

மனசு பெரிய மனசுதான். ஆனால் இங்கே முட்டை பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும், டோனர் யாரென்று தெரியாமல்தான் நடக்கும். அதனால் மையங்கள் இதை ஏற்பதில்லை. மருத்துவ ரீதியாகவும் ஒன்று யோசியுங்கள். உங்களுக்கு 43 என்றால் தங்கைக்கு 39, 40 இருக்கும். முட்டையின் வயதிலிருந்து தப்பிக்கத்தானே இந்தச் சிகிச்சை?

ஏழு முட்டை போதுமா?

நேர்மையான கணக்கைப் பார்ப்போம். 7 முட்டை எடுத்தால் ஒன்றிரண்டு முதிராமல் இருக்கும். மிச்சம் ஐந்தாறு. விந்தணு சேர்த்ததும் கருக்கட்டுவது நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் வரை வளர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வருவது அதில் பாதி, அதாவது இரண்டு. சிலருக்கு மூன்று வரும், சிலருக்கு ஒன்று. ஒன்றுகூட வராதவர்களும் உண்டு. முட்டை இளசானது என்பதற்காக ஏழும் ஏழு குழந்தை ஆகாது.

இரண்டு நல்ல கரு கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் பாதி வாய்ப்பு என்றால், இரண்டில் ஒன்றாவது குழந்தையாக வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் "ஒரு டிரான்ஸ்ஃபர்", அதாவது ஒரு முறை கருவைக் கருப்பையில் வைப்பது, என்று நினைக்காமல் "ஒரு டோனரின் மொத்தக் கருக்கள்" என்று நினைக்கச் சொல்வேன். முதல் முறையே கையிருப்புப் பணம் முழுவதையும் போட்டுவிடாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம்.

புதிதாக எடுத்த முட்டையா, உறைய வைத்ததா? எது நல்லது?

உறைய வைப்பதில் முன்பு பனிப்படிகம் உண்டாகி முட்டை சிதைந்துவிடும். இப்போது விட்ரிஃபிகேஷன் என்ற முறையில் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்ணாடி போல உறையச் செய்கிறார்கள். நல்ல ஆய்வகத்தில் பத்தில் எட்டு, ஒன்பது முட்டைகள் உயிரோடு மீளும்.

முடிவுகளில் சிறிய வித்தியாசம் இருந்தது உண்மை. 2013-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிவுகளில், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் புது முட்டையில் ஏறக்குறைய 50 பேருக்கும் உறைந்த முட்டையில் 43 பேருக்கும் குழந்தை பிறந்தது. ஆனால் அங்கே புது முட்டை என்றால் ஒரு டோனரிடமிருந்து வருவது அத்தனையும் கிடைக்கும். உறைந்தது என்றால் வங்கி எண்ணித்தான் தரும். தேர்ந்தெடுக்க நிறையக் கரு இருப்பவருக்கு வாய்ப்பு கூடுவது இயல்பு. இங்கே இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால், முட்டை எந்த வகை என்பதைவிட அதை உருக்கும் எம்ப்ரியாலஜிஸ்டின், அதாவது ஆய்வகத்தில் முட்டையையும் கருவையும் கையாளும் நிபுணரின், கைப்பக்குவம் பெரிது என்று நினைக்கிறேன். "உங்கள் ஆய்வகத்தில் உருக்கிய முட்டைகளில் எத்தனை பிழைக்கின்றன?" என்று கேளுங்கள். கணக்கு வைத்திருக்கும் இடம் உடனே சொல்லும்.

முட்டைதான் மாறிவிட்டதே, கணவருக்கு ஏன் மறுபடியும் பரிசோதனை?

கருவில் பாதி அவருடையது என்பதால்.

சொல்லப்போனால் டோனர் சிகிச்சையில் அவர் பங்கு மறைந்துபோவதுதான் எனக்கு ஆதங்கம். மனைவிக்கு முட்டை இல்லை என்று முடிவானதும், மொத்தக் குடும்பமும் அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்த விந்து பரிசோதனைச் சீட்டு போதும் என்று கணவர் நினைத்துக்கொள்கிறார். விந்தணுவின் மரபுப் பொருளில் உடைசல் அதிகம் இருந்தால் கரு மூன்றாம் நாளுக்குப் பிறகு தேங்கிவிடலாம். ஏனென்றால் அதுவரை கரு முட்டையின் சேமிப்பில் ஓடுகிறது. அப்புறம்தான் தந்தையின் மரபணுவும் வேலை செய்யத் தொடங்கும். இளம் முட்டைக்கு இந்த உடைசலைச் செப்பனிடும் திறன் ஓரளவு உண்டு. அது ஒரு நல்ல செய்தி. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

புதிய விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சிகரெட், மது, புகையிலை, மடியில் லேப்டாப், கட்டுப்பாடில்லாத சர்க்கரை இவற்றை இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும். டோனருக்காகக் காத்திருக்கும் காலம் பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த மாதங்கள் கணவருடையவை.

விந்தணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இக்ஸி செய்வார்கள், அதாவது ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். உறைந்த முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும், வெளி உறையும் கடினமாகியிருக்கலாம் என்பதே காரணம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கருப்பையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

என்னைக் கேட்டால் முழுச் சிகிச்சையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். டோனர் முட்டை முட்டையின் சிக்கலை மட்டும் தீர்க்கிறது. விதையை மாற்றிவிட்டு நிலத்தைப் பார்க்காமல் இருந்தால் என்ன பயன்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். வேறொரு மையத்தில் டோனர் முட்டையில் இரண்டு முறை வைத்தும் நிற்கவில்லை. மூன்றாவது முறைக்கு மனைவியின் நகையை அடகு வைத்திருந்தார்கள். "டோனரை மாற்றிப் பார்க்கலாமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. எங்கள் டாக்டர் ஸ்கேன் செய்தபோது, வலப்பக்கக் கருக்குழாய் நீர் கோத்துத் தடித்திருந்தது. பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அதிலும் லேசாகத் தெரிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த நீர் சிறுகச் சிறுகக் கருப்பைக்குள் வடிந்து, வைத்த கருவைக் கெடுக்கும். இதற்குப் பெயர் ஹைட்ரோசால்பிங்ஸ். இது இருந்தால் ஐ.வி.எஃப்., அதாவது உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கி வைக்கும் சிகிச்சையின், வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை சிகிச்சையில் அந்தக் குழாயை நீக்கினார்கள். அடுத்த டிரான்ஸ்ஃபரில் நின்றது. "குழாய் எதற்கு, ஐ.வி.எஃப்.தானே" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கருப்பையின் உட்குழிவுக்குள் துருத்தும் நார்க்கட்டி, பாலிப் எனும் சதை வளர்ச்சி, நடுவில் தடுப்புச் சுவர், முன்பு டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்ததால் உண்டான ஒட்டல் இவையெல்லாம் இடத்தை அடைப்பவை. ஹிஸ்டிராஸ்கோப்பியில் உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால் தெரியும், பெரும்பாலும் அப்போதே சரிசெய்துவிடலாம். வெளிச்சுவரில் இருக்கும் சிறு நார்க்கட்டி ஒன்றும் செய்யாது. அதைப் பார்த்து அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டாம். அடினோமயோசிஸ் எனப்படும் சுவர் வீக்கம் இருந்தால், சில மாதங்கள் ஊசி போட்டு அதை அடக்கிவிட்டுக் கருவை வைப்பார்கள்.

நம் நாட்டில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது காசநோய். இருமல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் கருப்பையிலும் கருக்குழாயிலும் வந்து போயிருக்கும். மாதவிலக்கு வரவரக் குறைந்து துளியாக வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். கரு ஒட்டும் இடமான கருப்பை உள்வரியின் அடித்தளத்தையே அது அழித்திருந்தால் எந்த டோனர் முட்டையும் ஒட்டாது. மனசு வலிக்கும் செய்தி. ஆனாலும் ஐந்து முறை தோற்ற பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது மேல்.

பிறகு, உள்வரியின் கனம். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து வளர்ப்பார்கள். 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் வாய்ப்பு குறைகிறது. ஸ்கேனில் மூன்று கோடு போலத் தெரிய வேண்டும். 8 இருப்பவர் 11 இருப்பவரைப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருபவர் என்றால், மாத்திரை இல்லாமல் இயற்கைச் சுழற்சியிலேயே வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காரணத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

புரோஜெஸ்டிரோனை ஒரு வேளை மறந்தால் என்ன?

தயவுசெய்து மறக்காதீர்கள். உள்வரி தயாரானதும், கருவை ஏற்க அதைப் பக்குவப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தொடங்குவார்கள். அது தொடங்கிய மணியிலிருந்துதான் கருப்பையின் கடிகாரம் ஓடுகிறது. கரு ஒட்டுவதற்கான கதவு சில நாட்களே திறந்திருக்கும். ஐந்தாம் நாள் கரு என்றால், புரோஜெஸ்டிரோன் ஐந்து நாள் முழுதாகப் போன பிறகு வைப்பார்கள். ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் கருவுக்கும் கருப்பைக்கும் வயது பொருந்தாமல் போகும்.

சூலகம் ஓய்ந்துவிட்ட பெண்ணுக்கு இந்த ஹார்மோன் உடம்பில் வேறெங்கும் போதுமான அளவு சுரக்காது. நீங்கள் வைக்கும் மாத்திரையையும் போடும் ஊசியையும்தான் நம்ப வேண்டும். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை, அதாவது 10 முதல் 12 வாரம் வரை, இது தொடரும். லேசாக ரத்தம் பட்டதும் "எல்லாம் போச்சு" என்று தாங்களாகவே மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் பட்டாலும் கரு உயிரோடு இருப்பது நிறைய நடக்கும். டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

சில மையங்களில் டிரான்ஸ்ஃபருக்கு முன் ரத்தத்தில் இதன் அளவைப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசி சேர்ப்பார்கள். நல்ல பழக்கம்.

எடை, தைராய்டு, சர்க்கரை?

மூன்றும் முக்கியம், மூன்றும் சரிசெய்யக் கூடியவை. எடைக்கு நல்ல சான்று டோனர் சிகிச்சையிலிருந்தே கிடைத்தது. ஸ்பெயினில் 9,500-க்கும் மேற்பட்ட டோனர் முட்டை சுழற்சிகளை ஆராய்ந்தார்கள். முட்டை எல்லாம் சரியான எடையுள்ள இளம் பெண்களுடையது. ஆனாலும் பெற்றுக்கொண்டவர் உடல்பருமனோடு இருந்தால் கரு ஒட்டுவதும் குழந்தை பிறப்பதும் குறைந்தது. அதற்காக இருபது கிலோ குறைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. காத்திருக்கும் மாதங்களில் ஐந்து கிலோ குறைந்தாலும் நல்லதுதான்.

தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரைக்கான ஹெச்.பி.ஏ.1சி ஆகிய ரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் முன்பே பாருங்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.5-க்குக் கீழே வந்த பிறகு வைப்பது பாதுகாப்பு. ஃபோலிக் அமில மாத்திரையை மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடலாம்.

ஈ.ஆர்.ஏ. டெஸ்ட், பி.ஜி.டி., ஸ்கிராட்சிங், பி.ஆர்.பி., இன்ட்ராலிப்பிட்... எல்லாம் செய்தால் சான்ஸ் கூடுமா?

பில் கூடும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

கருப்பை உள்வரியைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2019-ல் நியூசிலாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் 1,364 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்தது சரியாக 26.1 சதவீதம். வலியும் பணமும்தான் மிச்சம். கரு வைக்க உகந்த மணியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. சோதனையை 2022-ல் அமெரிக்காவில் 767 பெண்களிடம் சோதித்தார்கள். சோதனைப்படி நேரம் மாற்றி வைத்தவர்களுக்கு வாய்ப்பு கூடவில்லை.

கருவின் குரோமோசோமைப் பார்க்கும் பி.ஜி.டி. 40 வயது முட்டைக்குப் பயன்படலாம். 25 வயது டோனரின் முட்டைக்கு எல்லோருக்கும் செய்வதில் லாபம் இருப்பதாக நிரூபணமில்லை. இரண்டே கரு இருக்கும்போது அதிலிருந்து செல்லைக் கிள்ளி எடுப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கணவர் பக்கம் குரோமோசோம் பிரச்சினை இருந்தால் அது வேறு விஷயம். இன்ட்ராலிப்பிட் எனும் கொழுப்புக் கரைசல், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. இரண்டுக்கும் இன்னும் உறுதியான சான்று இல்லை.

யாராவது இவற்றைப் பரிந்துரைத்தால் "எனக்கு ஏன்?" என்று கேளுங்கள். உங்கள் உடம்பைச் சார்ந்த ஒரு காரணம் பதிலாக வர வேண்டும். "எல்லோருக்கும் செய்கிறோம்" என்பது காரணமில்லை.

இரண்டு கருவை ஒன்றாக வைத்தால் சான்ஸ் இரட்டிப்பாகுமே?

இரட்டிப்பாகாது, கொஞ்சம் கூடும். இரட்டைக் குழந்தை வாய்ப்புதான் பல மடங்கு கூடும். டோனர் முட்டையின் கருவுக்கு ஒட்டும் திறன் அதிகம் என்பதை மறக்காதீர்கள். இரட்டை என்றால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தைகள், இன்குபேட்டரில் நாட்கள். 45 வயது உடம்புக்கு அது பெரிய பாரம். ஐந்தாம் நாள் நல்ல கரு ஒன்றை வைத்து, இன்னொன்றை உறைய வைப்பதே நல்லது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மொத்த வாய்ப்பில் பெரிய இழப்பு இல்லை. "ஒரே செலவில் இரண்டு பிள்ளை" என்று மாமியார் சொல்லலாம். அவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன்.

வைத்த பிறகு எத்தனை நாள் படுத்தே இருக்க வேண்டும்?

ஒரு நாள்கூட வேண்டாம். இதையும் டோனர் முட்டை பெற்ற பெண்களிடமே சோதித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் 240 பேர். பாதிப் பேரைக் கரு வைத்ததும் பத்து நிமிடம் படுக்க வைத்தார்கள், பாதிப் பேரை உடனே எழுந்து நடந்து போகச் சொன்னார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, படுத்தவர்களில் 41.6 சதவீதத்துக்கும் எழுந்து போனவர்களில் 56.7 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது.

கரு கீழே விழுந்துவிடாது. சிறுநீர் கழித்தால் போய்விடாது. மாடிப்படி ஏறலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். பளு தூக்குவதையும் தாம்பத்திய உறவையும் டாக்டர் சொல்லும்வரை தவிர்த்தால் போதும். பதினான்கு நாள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்து, தோற்ற பிறகு "அன்னைக்கு எழுந்து கதவைத் திறந்தேனே, அதனாலயா?" என்று கேட்டு அழுத பெண்ணை இன்னும் மறக்கவில்லை. அதனால் இல்லை, அம்மா.

மனசு கஷ்டத்தில் இருந்தால் கரு நிற்காதா? எல்லோரும் டென்ஷன் ஆகாதே என்கிறார்கள்.

டென்ஷன் ஆகாமல் இருக்க முடியுமா? 2011-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்து, 3,500-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் மனக்கஷ்டத்தில் இருந்தவர்களுக்கும் நிம்மதியாக இருந்தவர்களுக்கும் கரு நிற்பதில் வித்தியாசமே இல்லை. அழுகை வந்தால் அழுங்கள். கருவுக்கு ஒன்றும் ஆகாது.

"என் ரத்தம் இல்லையே, குழந்தை என்னோடு ஒட்டுமா?" என்ற கேள்வி உள்ளே இருந்தால் அதை அடக்க வேண்டாம். மரபணு டோனருடையது, உண்மை. ஒன்பது மாதம் அது குடிக்கும் சத்து, கேட்கும் குரல், பிறந்து தேடும் வாசனை உங்களுடையது. சட்டமும் உங்களைத்தான் தாய் என்கிறது, டோனருக்கு எந்த உரிமையும் கடமையும் இல்லை. இருந்தும் மனசு ஒப்பவில்லை என்றால், ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். டோனர் முட்டை என்பதால் ஆறு மாதத்தில் வாய்ப்பு அவ்வளவாகக் குறையாது. சொந்த முட்டைக்கு இல்லாத சலுகை இது.

ஒரு முறை தோற்றுவிட்டது. டோனரை மாற்ற வேண்டுமா?

ஐந்தாம் நாள் கரு நன்றாக வந்திருந்து ஒட்டவில்லை என்றால், முட்டையைக் குறை சொல்வது கடைசியாக இருக்கட்டும். ஒருமுறை நிற்காதது தற்செயலாகவே இருக்கலாம், பாதி வாய்ப்பு என்பதன் பொருளே அதுதான். உறைய வைத்த கரு இருந்தால் அதை வையுங்கள். இரண்டாவதும் தோற்றால் நிறுத்தி, கருப்பையை மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: ஹிஸ்டிராஸ்கோப்பி, கருக்குழாய், உள்வரித் தொற்று, தைராய்டு. கரு ஐந்தாம் நாளுக்கே வரவில்லை என்றால் முட்டை, விந்தணு, ஆய்வகம் மூன்றையும் கேள்வி கேளுங்கள். எந்த நாளில் எத்தனை கரு எந்தத் தரத்தில் இருந்தது என்ற அறிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மையம் மாறினால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பாசிட்டிவ் வந்துவிட்டது. இனி சாதாரணக் கர்ப்பம் மாதிரிதானா?

முதலில் வாழ்த்துகள். ஆனால் முழுக்கச் சாதாரணக் கர்ப்பம் இல்லை, இதை வெற்றியின் ஒரு பகுதியாகவே பாருங்கள்.

வழக்கமான கர்ப்பத்தில் குழந்தையின் பாதி மரபணு தாயுடையது. டோனர் கர்ப்பத்தில் முழுவதும் உடம்புக்குப் புதியது. நோய் எதிர்ப்பு அமைப்பு அதை ஏற்றுக்கொண்டாலும், நஞ்சுக்கொடி வேர்பிடிப்பதில் சில சமயம் குறை ஏற்படுகிறது. அதனால் பிரீஎக்ளாம்ப்சியா எனும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வருவது, சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். செய்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். முழுக்க மாத்திரையால் தயார் செய்த சுழற்சியில் இந்த அபாயம் இன்னும் கூடுகிறது. கருமுட்டை வெளியான பிறகு சூலகத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம், ரத்தக் குழாய்களுக்கு உதவும் வேறு பொருட்களையும் சுரக்கிறது. மாத்திரையில் அவை இல்லை. முடிந்தவர்கள் இயற்கைச் சுழற்சியில் வைக்கலாமா என்று கேட்கச் சொன்னது இதனால்தான்.

12-ஆம் வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்கி வைத்து, 20 வாரத்துக்குப் பிறகு வாரம் இரண்டு முறையாவது பாருங்கள். 140/90 காட்டினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், மேல் வயிறு வலித்தால் அன்றே மருத்துவமனை. டர்னர் சிண்ட்ரோம் எனும் பிறவிக் குரோமோசோம் குறைபாடு காரணமாக டோனர் முட்டைக்கு வந்தவர்கள் என்றால், கரு வைப்பதற்கு முன்பே இதயத்தையும் பெருந்தமனியையும் முழுதாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இது டோனர் முட்டை என்பதைச் சொல்லிவிடுங்கள். ஊரில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று பலர் அவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். அவர் உங்களைச் சாதாரணக் கர்ப்பிணி என்று நினைத்து மாதம் ஒருமுறை வரச் சொல்லுவார். டோனரின் வயது தெரியாவிட்டால் குரோமோசோம் ஸ்கிரீனிங் கணக்கும் தப்பும். உங்கள் 44-ஐப் போட்டுக் கணக்கிட்டு ஆபத்து என்று காட்டும், டோனரின் 26-ஐப் போட்டால் அப்படி இருக்காது. மாமியாரோ நாத்தனாரோ கூட வந்திருந்தால், "டாக்டரிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும்" என்று செவிலியரிடம் சொல்லுங்கள். மற்றவர்களை வெளியே உட்கார வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.